செனகல் ஆற்றங்கரையிற் புலம்பெயர்ந்தோரும் கமத்தொழிலும்

மேற்காபிரிக்காவில் வாழும் சொனின்கே மக்களிடையே வகாடு என்னும் பழைய அரசின் அழிவு பற்றிய கதையொன்று வழங்கி வருகின்றது. அவ்வரசின் வளத்தைக் காத்து நின்றது பீடா என்னும் நாகம். ஆண்டுக்கொரு கன்னியைப் பலிகொண்டு அது மழையையும் பொன்னையும் அளித்தது. ஓராண்டு பலிக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட பெண்ணின் காதலன் வாளெடுத்து நாகத்தின் தலையை வெட்டினான். வெட்டுண்ட தலை தெற்கே பூரே என்னும் இடத்திற் போய் விழ, அங்கே பொன் விளைந்தது. வகாடுவிலோ ஏழு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் ஏழு நாட்களும் மழை பொய்த்தது. மக்கள் திசையெங்கும் சிதறினர். அரபுப் புவியியலாளர் அல்பக்ரி 1068ஆம் ஆண்டில் எழுதிய நூலிற் கானா என்னும் பெயரிற் குறிப்பிடும் அரசே இவ்வகாடு என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. கதையின் மெய்ம்மை ஒருபுறமிருக்க, ஒரு மக்கட் கூட்டம் தன் தோற்றுவாயை வறட்சியிலும் சிதறலிலும் காண்கின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. அம்மக்களின் அண்மைக்கால வரலாற்றிலும் வறட்சியும் சிதறலுமே மீண்டும் எதிர்ப்படுகின்றன. ஆயின் இம்முறை சிதறியோருட் சிலர் மண்வெட்டியுடன் திரும்பி வந்தனர்.

ஆபிரிக்காவின் பஞ்சம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அம்மக்களைக் கையேந்தி நிற்போராகவே காட்டுவர். உணவு மூட்டைகளை இறக்கும் விமானமும், அதனைச் சூழ்ந்து நிற்கும் மெலிந்த குழந்தைகளுமே உலகம் அறிந்த படம். அதே காலத்தில் அம்மக்களின் உறவினர் ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் இரவுமுறை வேலை செய்து தத்தம் ஊருக்குத் தானியம் வாங்கி அனுப்பினர் என்பதும், பள்ளிக்கூடமும் மருந்தகமும் கட்டினர் என்பதும், ஒருசிலர் நேரே நிலத்துக்குத் திரும்பினர் என்பதும் அப்படத்தில் இடம்பெறுவதில்லை. மாலி, செனகல், மொரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் மேல் செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வரலாற்றைக் கொண்டு அதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆபிரிக்கா முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க முயல்வது வீண்முயற்சி.

முதலில் நிலத்தைப் பற்றிக் கூறல்வேண்டும். ஆற்றுப் பள்ளத்தாக்கின் கமக்காரனுக்கு நிலம் ஒன்றன்று, மூன்று. ஆற்றிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில் மழையை நம்பிக் கம்பும் இறுங்கும் கடலையும் விதைப்பான். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்ததும், வண்டல் படிந்த தாழ்நிலத்தில், மழையேதுமின்றி ஈரத்தை மாத்திரம் நம்பி இரண்டாம் முறை இறுங்கு விதைப்பான். நீர் இறங்க இறங்க ஆற்றின் சரிவிலேயே சிறு பாத்திகளில் மரக்கறி நடுவதும் உண்டு. ஒன்று பிழைத்தால் மற்றொன்று கைகொடுக்கும். மழையும் வெள்ளமும் ஒருங்கே பொய்க்கும்போதுதான் இவ்வொழுங்கு குலைந்து பஞ்சம் தலைகாட்டும்.

இந்த நிலத்தை விட்டு ஆடவர் வெளியேறும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் வருமுன்பே இருந்தது. அறுவடை முடிந்த வறண்ட மாதங்களிற் சொனின்கே வணிகர் கழுதைகளிற் சரக்கேற்றித் தொலைதூரம் சென்று, மழைக்கு முன் வீடு திரும்பினர். பின்னர் பிரெஞ்சுக்காரரின் ஆற்றுப் படகுகளிற் கூலிக்கமர்ந்த மாலுமிகளுள் இப்பகுதியினர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காம்பியாவிலும் செனகலிலும் கடலைச் செய்கை பெருகியபோது, மழைக்காலத்தில் அங்கு சென்று பிறர் நிலத்திற் பயிரிட்டு மீளும் தொழிலாளர் கூட்டமொன்று உருவாயிற்று. மழைக்காலத்தைக் குறிக்கும் வோலோவ் மொழிச் சொல்லடியாக இவர்கள் நவெத்தான் எனப்பட்டனர். இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். வறண்ட காலத்து வணிகப் பயணம் சொந்தக் கமத்திலிருந்து ஒரு கையையேனும் பறிக்கவில்லை. நவெத்தானாகச் சென்றவனோ விதைப்பும் களையெடுப்பும் நடைபெறும் மாதங்களிலேயே ஊரில் இல்லாதவன். பிரான்சுக்குச் சென்றவன் ஆண்டுக்கணக்காக இல்லாதவன். இல்லாமையின் நீளம் இவ்வாறு படிப்படியாக வளர்ந்ததே இப்பள்ளத்தாக்கின் பொருளாதார வரலாறு எனலாம்.

இப்புலப்பெயர்வின் காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. குடியேற்ற ஆட்சியினர் விதித்த தலைவரியும் கட்டாய வேலையுமே மக்களை வெளியே துரத்தின என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டிருந்த கருத்து. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிற் பிரான்சுவா மான்ஷுவெல் இதனை மறுத்தார். முதலிற் புறப்பட்டோர் வறியவர் அல்லர், மதிப்புமிக்க குடும்பங்களின் பிள்ளைகளே என்றும், அவர்கள் தேடியது பிழைப்பை மாத்திரமன்று, ஊரிலே செல்வாக்கை நிலைநாட்டுதற்கு வேண்டிய செல்வத்தை என்றும் அவர் காட்டினார். அச்செல்வத்தின் ஒரு பகுதி அடிமைகளை வாங்கவே பயன்பட்டது. இக்கருத்து நமக்குச் சங்கடமளிப்பதாயினும் ஒதுக்கத்தக்கதன்று. புலம்பெயர்ந்தோர் பணம் ஊருக்கு வரும்போது அது 'ஊருக்கு' வருவதில்லை. ஊரிலுள்ள ஒரு வீட்டுக்கு, ஒரு சாதிக்கு, ஒரு மூத்தவரின் கைக்கு வருகின்றது. இவ்வுண்மையை மறந்து சமூக அபிவிருத்தி பற்றிப் பேசுதல் இயலாது. எனினும் வரிக்கொடுமையை மான்ஷுவெல் குறைத்து மதிப்பிட்டார் என்றே எமக்குத் தோன்றுகின்றது. பணமாகவே செலுத்தவேண்டிய வரியும், பணம் புழங்காத கமமும் ஒருங்கே இருக்குமிடத்து, 'விரும்பிச் சென்றான்' என்னும் சொல்லின் பொருள் மிகவும் சுருங்கிவிடுகின்றது.

காயெஸ் நகரம் இம்மாற்றங்களின் நடுவில் நின்றது. ஆற்றிற் கப்பல் ஏறிவரக்கூடிய எல்லை அதுவாகையால், பமாக்கோவுக்கு முன்னர் பிரெஞ்சு சூடானின் தலைநகராய் அது விளங்கிற்று. அங்கிருந்து நைகர் ஆற்றுக்குச் சென்ற புகையிரதப் பாதை 1904இல் நிறைவுற்றது. 1920களின் முற்பகுதியிற் செனகலின் தியேசிலிருந்து காயெஸ் வரையிலான பாதையும் முடிந்தபோது சரக்கெல்லாம் டாக்கர் துறைமுகத்துக்குப் புகையிரதத்திலேயே போயிற்று. ஆற்று வணிகம் நலிந்தது. பள்ளத்தாக்கு ஒரு மூலையாயிற்று. நிலக்கடலையோ பருத்தியோ பெருந்தொகையாய் விளையாத பகுதியாகையால் குடியேற்ற அரசு அதில் முதலிட விரும்பவில்லை. கூலியாட்களை அனுப்பும் பகுதியாக அதனைக் கருதி விட்டுவிட்டது. 1960இல் விடுதலை பெற்ற அரசுகளும் இதில் அதிக மாற்றம் செய்தன அல்ல. அவ்வாண்டு ஓகஸ்டில் மாலிக் கூட்டாட்சி உடைந்து, டாக்கருக்கும் பமாக்கோவுக்கும் இடையிலான புகையிரதப் போக்குவரத்தும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் வாழ்ந்த உறவினர் மூன்று நாட்டுக் குடிகளாயினர்.

பிரான்சில் அப்பொழுது போருக்குப் பிந்திய தொழில் வளர்ச்சி உச்சநிலையில் இருந்தது. மார்செயில் துறைமுகத்திற் கப்பற் கொதிகலன்களுக்கு நிலக்கரி வாரிய சொனின்கே மாலுமிகள் முன்னரே வழி சமைத்திருந்தனர். 1960களில் அவ்வழியே ஆயிரக்கணக்கானோர் சென்றனர். மோட்டார் வாகனத் தொழிற்சாலை, குப்பை அகற்றல், தெருக்கூட்டல், உணவகங்களிற் கோப்பை கழுவுதல் ஆகியவையே அவர்களுக்குக் கிட்டிய வேலைகள். வாழ்ந்ததோ தொழிலாளர் விடுதிகளில். பலவிடத்து அவை விடுதிகளும் அல்ல, கைவிடப்பட்ட தொழிற்சாலைகளும் நிலவறைகளுமேயாம். ஒரே கட்டிலில் இரவுமுறை வேலையாள் பகலிலும், பகல்முறை வேலையாள் இரவிலும் படுத்தனர். 1970ஆம் ஆண்டு பிறந்த முதல் நாட்களிற் பாரிசின் புறநகரான ஓபர்வில்லியேயில், குளிர்காய மூட்டிய நெருப்பின் புகையால் ஆபிரிக்கத் தொழிலாளர் ஐவர் மூச்சடைத்து இறந்தபோதே பிரெஞ்சுப் பொதுமக்கள் இவ்வாழ்க்கையைக் கண்ணெடுத்துப் பார்த்தனர். 1975இலிருந்து 1980 வரை சொனகொத்ரா விடுதிகளில் நடைபெற்ற வாடகை மறுப்புப் போராட்டம் இதன் தொடர்ச்சியே.

ஆயின் விடுதி துன்பத்தின் கூடம் மாத்திரமன்று. அது ஊரின் மறுபதிப்பும் ஆகும். ஓரூரார் ஒரே விடுதியிற் கூடினர். ஊரின் மூத்தோர் அவை அங்கும் கூடிற்று. ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு தொகையைப் பொதுப்பெட்டியில் இட்டனர். நோயுற்றவனின் செலவுக்கும், இறந்தவனின் உடலை ஊருக்கு அனுப்புதற்கும், வேலையிழந்தவனின் சாப்பாட்டுக்கும் அப்பெட்டி உதவிற்று. சில ஆண்டுகள் உழைத்தவன் ஊர் திரும்ப, அவன் தம்பியோ மருமகனோ அவ்விடத்துக்கு வந்தான். இவ்வாறு மாறிமாறி ஆள் சுழலும் முறையை ஆய்வாளர் நோரியா என்பர். நோரியா என்பது வாளிகள் கட்டிய நீரிறைக்கும் சில்லு. ஒரு வாளி நிறைந்து மேலே வர, வெறுமையான மற்றொன்று கீழே இறங்கும். 1974 யூலையிற் பிரெஞ்சு அரசு தொழிலாளர் வரவை நிறுத்தியபோது இச்சில்லு நின்றது. திரும்பிப் போனால் மீண்டும் வரவியலாது என்பதனால் போகவேண்டியவர்களும் போகாது தங்கினர். கதவை அடைத்தால் வெளிநாட்டார் குறைவர் என எண்ணிய அரசு, அதே செயலால் அவர்களை நிலையான குடிகளாக்கியது.

இதற்கிடையே ஊரில் மழை பொய்த்துவிட்டது. 1968இல் தொடங்கிய சாகெல் வறட்சி 1972, 1973ஆம் ஆண்டுகளில் உச்சமடைந்தது. ஆற்றின் வெள்ளம் தாழ்நிலங்களை எட்டவில்லை. மேட்டு நிலமும் பள்ள நிலமும் ஒருங்கே பிழைத்த காலம் அது. விடுதிகளிலிருந்து பணம் போயிற்று. தானியம் வாங்கி அனுப்பினர். ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு அனுப்புவது? இவ்வினா பாரிஸ் விடுதிகளில் உரத்து எழுந்தது. பிரான்சிலுள்ள ஆபிரிக்கத் தொழிலாளர் பண்பாட்டுச் சங்கம் என்னும் அமைப்பு அக்காலத்தில் விடுதிப் போராட்டங்களிலும் எழுத்தறிவு வகுப்புகளிலும் ஈடுபட்டிருந்தது. கினி பிசாவ், அங்கோலா, மொசாம்பிக் ஆகிய போர்த்துக்கேயக் குடியேற்ற நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்கும் அது ஆதரவு திரட்டியது. அவ்வியக்கத் தலைவர்களுள் ஒருவரும், 1973 சனவரியிற் கொலையுண்டவருமான அமில்கார் கப்ரால் தொழிலால் விவசாய விஞ்ஞானி. மண்ணை அறியாமல் விடுதலையைப் பேசவியலாது என்னும் எண்ணம் இச்சூழலில் வேரூன்றியது வியப்புக்குரியதன்று.

சங்கத்தினரிற் சிலர் வந்த முடிவு எளியது. ஆனால் அக்காலத்தில் எவரும் எதிர்பாராதது. வறட்சிக்குத் தானிய மூட்டை விடையன்று, நீரே விடை. ஆறோ ஆண்டு முழுதும் ஊரின் அருகே ஓடுகின்றது. அதனைக் கரையேற்றிப் பயிரிடுதல் வேண்டும். அதனைச் செய்யப் பிறரை அனுப்பாது தாமே போதல் வேண்டும் என்பதே அம்முடிவு. கமக்காரரின் பிள்ளைகளாயினும் அவர்கள் அறிந்தது மழையை நம்பிய கமம். வாய்க்கால் வெட்டி இயந்திரத்தால் நீரேற்றும் தோட்டச்செய்கையை அவர்கள் அறியார். எனவே 1976இற் பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஓத் மார்ன் மாவட்டத்துப் பண்ணைகளுக்குச் சென்று பிரெஞ்சு விவசாயிகளுடன் தங்கி வேலை பழகினர். ஆபிரிக்காவிற் பயிரிடுவதற்கு உறைபனி விழும் ஊரிற் பயிற்சி பெறுவதா என எள்ளியோர் இருந்திருக்கக்கூடும். கோதுமையும் மாடும் சார்ந்த அந்நிலத்தின் நுட்பங்கள் யாவும் காயெசுக்குப் பொருந்தா என்பதும் உண்மையே. ஆயின் கணக்கு வைத்தலும், இயந்திரத்தைப் பழுதுபார்த்தலும், பருவத்துக்கு முன்னரே திட்டமிடுதலும் எந்த மண்ணுக்கும் பொருந்துவனவாகும். மொரித்தானியாவைச் சேர்ந்த நெறியாளர் சிட்னி சொகோனா 1970களின் பிற்பகுதியில் எடுத்த 'சப்ரானா' என்னும் திரைப்படம் பாரிசிலிருந்து நாட்டுப்புறத்துக்குச் செல்லும் தொழிலாளர் நால்வரைக் காட்டுகின்றது. இப்பயிற்சி முயற்சியே அதன் கரு.

1977 சனவரியிற் பதினால்வர் கொண்ட குழு காயெசுக்கு அண்மையிலுள்ள சோமங்கிடி ஊரின் அருகே ஆற்றங்கரையிற் காட்டை வெட்டத் தொடங்கிற்று. தாம் அமைத்த குடியிருப்புக்கு அவர்கள் சோமங்கிடி கூரா எனப் பெயரிட்டனர். கூரா என்பதற்குப் பம்பாரா மொழியிற் 'புதிய' என்பது பொருள். குழுவினர் ஓரினத்தாரும் அல்லர். ஒரு நாட்டாரும் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குத் திரும்பாது, எவருடைய சொந்த ஊருமல்லாத ஓரிடத்திற் கூடிக் குடியேறினர் என்பதே இம்முயற்சியின் அச்சாணி என்பது எமது கருத்து. சொந்த ஊருக்குப் போயிருப்பின், நிலம் மூத்தோரின் கையில். சொல்லும் மூத்தோரின் சொல். திரும்பிவந்த இளைஞன் எத்துணை கற்றவனாயினும் தந்தையின் வீட்டில் அவன் இளையவனே. புதிய நிலத்தில் அந்தப் படிவரிசை இல்லை. பொதுக்கமம், பொது இயந்திரம், பொதுமுடிவு என்பன அங்கே கைகூடியமைக்கு இதுவும் காரணமாதல் வேண்டும்.

தொழில் எளிதாய் இருக்கவில்லை. காயெஸ் ஆபிரிக்காவின் மிக வெப்பமான நகரங்களுள் ஒன்று. மழைக்குமுன் ஆற்றின் மட்டம் கரையிலிருந்து மிகவும் தாழ்ந்து போகும். அவ்வுயரத்துக்கு நீரை ஏற்ற டீசல் வேண்டும். ஒரு சிறு உதிரிப்பாகம் பழுதாயின் அது வந்துசேரும்வரை இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றாற் சில நாட்களில் நாற்றுக் கருகும். விளைந்த பின்னும் தொல்லை ஓயாது. எல்லாத் தோட்டங்களிலும் வெங்காயம் ஒரே வாரத்தில் முற்றினால் சந்தையில் விலை விழும். தானியம் மாத்திரமன்றி மரக்கறியும் வாழையும் பயிரிட்டு இவர்கள் காயெஸ் சந்தையிற் காலூன்றினர். குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான சிரே சுமாரே 2001இல் வெளியிட்ட நூலில், புலப்பெயர்வின் பின் நிலத்துக்குத் திரும்பிய இவ்வனுபவம் உள்ளேயிருந்தவரின் நோக்கிற் பதிவாகியுள்ளது. மேற்காபிரிக்க உழைப்பாளி ஒருவர் தம் வரலாற்றைத் தாமே எழுதியமை ஒருபோதும் சிறிய செய்தியன்று.

தோட்டம் நிலைத்ததும் அது தனித்து நிற்கவில்லை. அயலூர்களிலும் கூட்டுறவுத் தோட்டங்கள் எழுந்தன. 1980களில் அவை காயெஸ் பிராந்தியக் கூட்டுறவுகளின் ஒன்றியமாக இணைந்தன. அவ்வொன்றியத்தின் பங்களிப்புடனும் இத்தாலிய உதவியுடனும் 1988இற் காயெஸ் கிராமிய வானொலி தொடங்கப்பெற்றது. வானொலி அரசின் ஏகபோகமாயிருந்த மூசா திராவோரே ஆட்சிக்காலத்தில், சொனின்கே, பம்பாரா, கசொன்கே, புலார் மொழிகளிற் கமக்காரரோடு பேசிய ஒரு நிலையம் அது. 1991 மார்ச்சில் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரே மாலியில் தனியார் வானொலிகள் பெருகின. விலையும் விதையும் நோயும் பற்றிய செய்தி ஊரார் மொழியில் ஒலிக்கத் தொடங்கியமை, ஓர் இயந்திரத்துக்கு நிகரான முதலீடு எனலாம்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், செனகலின் பக்கேல் மாவட்டத்தில், இதனையொத்த முயற்சி வேறு கதியடைந்தது. பிரான்சில் உழைத்துத் திரும்பிய ஜாபே சோ என்பவர் 1970களின் நடுப்பகுதியில் தமது ஊரான குங்கானியில் ஒரு கூட்டுக் கமத்தைத் தொடங்கினார். அயலூர்களும் பின்பற்றின. இச்செய்தி எட்டியதும் அரச நிறுவனம் வந்தது. ஆற்றின் கழிமுகத்தில் நெற்செய்கையை நடத்துதற்கென 1965இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம், அமெரிக்க உதவிப் பணத்துடன் மேற்பள்ளத்தாக்குக்கும் பரவிற்று. இயந்திரமும் பசளையும் கடனாகத் தருவோம், நெல்லையே பயிரிடவேண்டும், ஒப்பந்தத்திற் கையொப்பமிடவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. தம் நிலத்தில் எதனைப் பயிரிடுவது என்பதைத் தாமே தீர்மானிப்போம் என்றனர் கமக்காரர். கூட்டமைப்பாக இணைந்து ஆண்டுக்கணக்காக அவர்கள் நடத்திய இவ்வழக்கை, அங்கு ஆய்வுக்கென வந்து அவ்வூரிலேயே வாழ்ந்த ஏட்ரியன் அடம்ஸ், ஜாபே சோவுடன் சேர்ந்து 1996இல் நூலாக்கினார். கமக்காரர் தாமே தொடங்கிய ஒன்றை அரசு உதவியென்ற பெயராற் கைப்பற்ற முயல்வது இப்பள்ளத்தாக்குக்கு மாத்திரம் உரிய செய்தியன்று என்பதை வாசகர் அறிவர்.

இவ்விரண்டும் விதிவிலக்குகள். புலம்பெயர்ந்தோரிற் பெரும்பாலார் திரும்பவில்லை, பணமே திரும்பிற்று. வெளிநாட்டார் சங்கம் அமைப்பதற்கு 1939 முதல் இருந்த தடையை 1981 ஒக்டோபரிற் பிரெஞ்சு அரசு நீக்கியதும், விடுதிகளின் பொதுப்பெட்டிகள் சட்டப்படி பதிவுபெற்ற ஊர்ச்சங்கங்களாயின. ஊர்ச்சங்கம் என்பது நமக்கு விளக்கம் வேண்டாத சொல். அதன் பெருமையும் பூசலும் நாம் அறிந்தவையே. அங்கும் முதலில் எழுந்தது பள்ளிவாசல். அடுத்து மருந்தகம், பள்ளிக்கூடம், கிணறு, நீர்த்தாங்கி, கூட்டுறவுக் கடை என்பன எழுந்தன. அரசின் கால் படாத ஊர்களில் அரசு செய்யவேண்டியவற்றையெல்லாம் தெருக்கூட்டுவோரின் கூலி செய்தது. கட்டடம் எழுந்தபின் ஆசிரியரும் மருத்துவத் தாதியும் வராத ஊர்களும் உண்டு. சுவரைப் பணத்தால் எழுப்பலாம். ஆசிரியரின் சம்பளத்தை ஆண்டுதோறும் கொடுக்க ஓர் அரசு வேண்டும்.

கமத்தொழிலுக்கு இப்பணம் செய்ததென்ன என்னும் வினாவுக்கு விடை கூறுதல் கடினம். பணம் வரும் வீட்டில் இளைஞன் வயலுக்குப் போகான். கூலியாளை வைப்பான், அல்லது அரிசி வாங்குவான். அவ்வரிசி எங்கிருந்து வருவது? குடியேற்றக் காலத்திலிருந்தே செனகல் துறைமுகங்களில் இறங்கும் தென்கிழக்காசியக் குறுநொய் அரிசி. கம்பும் இறுங்கும் உண்ட நாவு அதற்குப் பழகிற்று. பாரிசில் ஈட்டிய பிராங் காயெசிற் சில நாட்கள் தங்கி, பின் ஆசிய நெல்வயலுக்குச் சென்றது எனச் சுருக்கமாகக் கூறலாம். 1994 சனவரியில் இப்பிராந்தியத்தின் நாணயமான சீஎப்ஏ பிராங்கின் பெறுமதி பாதியாகக் குறைக்கப்பட்டது. அதுவரை ஐம்பதாய் மாற்றப்பட்ட பிரெஞ்சுப் பிராங் அன்றிலிருந்து நூறாயிற்று. பணம் பெறுவோர் மகிழ்ந்தனர். இறக்குமதி இயந்திரமும் பசளையும் வாங்கவேண்டிய தோட்டக்காரரோ இருமடங்கு விலை கொடுத்தனர். ஒரே அரசாணை, வீட்டில் இருந்தவனுக்கு வரவும் வயலில் நின்றவனுக்குச் செலவும் ஆயிற்று.

பிரெஞ்சு அரசு இத்திரும்புதலைத் தன் நோக்கிற் பயன்படுத்த முயன்றமையும் குறிப்பிடத்தக்கது. 1977இல், அதாவது சோமங்கிடி கூராவில் முதற் காடு வெட்டப்பட்ட அதே ஆண்டில், நாடு திரும்பும் தொழிலாளிக்குப் பத்தாயிரம் பிராங் வழங்கும் திட்டத்தை அமைச்சர் லியொனெல் ஸ்தொலெரு அறிவித்தார். 1986 ஒக்டோபரில் 101 மாலியர் ஒரே விமானத்தில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். 1990களின் இறுதியிற் 'கூட்டபிவிருத்தி' என்னும் இனிய சொல் அரச அறிக்கைகளிற் புகுந்தது. ஊரை வளர்த்தால் ஆட்கள் வாரார் என்பது அதன் உட்கிடை. பதினால்வர் திரும்பியது எவர் கொடுத்த பத்தாயிரத்துக்கும் அன்று. தாம் விட்டுச்சென்ற நிலத்தை மாற்றலாம் என்னும் துணிவினால் திரும்புதல் வேறு, தேவையற்றவர் எனத் துரத்தப்படுதல் வேறு. அரச அறிக்கைகள் இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் குறிக்கின்றன.

ஊருக்குள்ளே சமத்துவம் எந்நிலையில் உள்ளது என்பது இவ்வரலாற்றின் மிக நோவுள்ள பகுதி. சொனின்கே சமூகம் ஆண்டான், கைவினைஞன், அடிமை என அடுக்கப்பட்டது. 1905இற் பிரெஞ்சு ஆட்சி அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. ஆயின் அடிமைவழி வந்தவர் என்னும் பெயர் பிறப்போடு தொடர்ந்தது. அவ்வழியினரும் பிரான்சுக்குச் சென்றனர்; அதே கூலியைப் பெற்றனர்; விடுதிச் சமையலும் பணிவிடையும் மாத்திரம் பலகாலம் அவர்கள் தலையிலேயே விழுந்தன. பாரிசில் வாழ்ந்த சொனின்கேயர் சிலர் 2010களின் பிற்பகுதியில் இப்பெயரை மறுத்துக் கம்பனா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினர். அதன் எதிரொலி ஊர்களில் எழுந்தபோது, மறுத்தோர் கிணற்றிலிருந்தும் கடையிலிருந்தும் வயலிலிருந்தும் விலக்கப்பட்டனர். 2020 செப்டெம்பரிற் காயெஸ் பிராந்தியத்தில் நால்வர் அடித்துக் கொல்லப்பட்டனர். எந்தக் கிணறு? புலம்பெயர்ந்தோர் பணம் பல ஊர்களிற் கிணறு தோண்டியது என மேலே கூறினோம். அக்கிணற்றில் யார் நீரள்ளலாம் என்பதைத் தோண்டியவர் பணம் தீர்மானிப்பதில்லை.

பெண்கள் பற்றியும் ஒரு சொல். ஆடவர் இல்லாத ஊரிற் கமத்தைச் சுமந்தவர் அவர்களே. சொனின்கே பெண்கள் முன்னரே தமக்கெனக் கடலையும் அவுரியும் பயிரிட்டனர். அவுரியால் துணிக்கு நீலம் தோய்ப்பதில் அவர்கள் பெயர்பெற்றவர். நீர்ப்பாசனத் தோட்டங்கள் வந்தபின் வெங்காயம், வெண்டி, தக்காளி என மரக்கறிச் செய்கையிலும் சந்தையிலும் அவர்கள் கை ஓங்கிற்று. எனினும் நிலத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது. பணம் அனுப்புவோர் பற்றி நூல்கள் பல. அப்பணம் வராத மாதங்களில் வீட்டை நடத்தியோர் பற்றி மிகச் சிலவே.

சோமங்கிடி கூராவின் நிறுவனர்களுள் ஒருவரான பூபா தூரே 1948இல் மாலியிற் பிறந்தவர். 1965இற் பிரான்சுக்குச் சென்று தொழிற்சாலையில் உழைத்து, பின்னர் திரைப்படக் கொட்டகையிற் படம் ஓட்டுபவராகவும் புகைப்படக் கலைஞராகவும் வாழ்ந்தவர். விடுதிகளையும் ஊர்வலங்களையும், காட்டை வெட்டிய முதல் நாட்களையும், பின்னர் வளர்ந்த வாழைத் தோட்டத்தையும் பல பத்தாண்டுகளாக அவர் படம் பிடித்தார். பாரிசுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓயாது சென்றுவந்த அவர் 2022 சனவரியில் மறைந்தார். அப்படங்களைக் கொண்டு ரபாயல் கிரிசேயுடன் அவர் உருவாக்கிய திரைப்படம் அடுத்த மாதமே பேர்லின் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது.

ஆறும் முன்போல் இல்லை. 1988இல் நிறைவுற்ற மனந்தாலி அணைக்கட்டு வறண்ட மாதங்களிலும் நீரை விடுவதால் இயந்திரத் தோட்டத்துக்கு நன்மையுண்டு. வெள்ளம் வடிந்த நிலத்தில் இறுங்கு விதைத்தோருக்கோ அதே அணைக்கட்டு இழப்பாயிற்று. 2024 ஒக்டோபரிற் பெருவெள்ளம் பக்கேலையும் காயெஸ் பிராந்தியத்தையும் மூழ்கடித்து, கரையோர வயல்களை அழித்தது. 2025 செப்டெம்பரில் ஆயுதக் குழுவினர் காயெஸ் நகரை முற்றுகையிடுவதாக அறிவித்து, செனகலிலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் வரும் எரிபொருட் பவுசர்களைத் தெருவில் எரித்தனர். செனகல் எல்லையிலிருந்து பமாக்கோ செல்லும் பெருந்தெருக்களுள் ஒன்று காயெஸ் வழியாகப் போகின்றது. அவ்வாண்டு மழை ஓய்ந்து தோட்டங்களில் நாற்று நடும் பருவம் தொடங்கியபோது, ஆற்றில் நீர் நிறைந்திருந்தது. அதனைக் கரையேற்றும் டீசலுக்கே தட்டுப்பாடு நிலவிற்று.